கண் திறந்த பெட்டி

திருப்பூர் தனி மாவட்டமான வருஷம் வேன்களில் பெட்டி வைத்தார்கள்.

பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றிவந்த வேன் ஒன்று லாரிக்கு அடியில் போனதற்குப் பிறகு வந்த யோசனை அது. எந்த வேன் எவ்வளவு வேகமாகப் போகிறது, எங்கே நிற்கிறது என்பதையெல்லாம் அரசாங்கம் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளும். தாறுமாறாக ஓட்டுகிறவனைப் பிடித்துவிடும். நாலு உயிர் மிஞ்சும். நல்ல எண்ணம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. சோதனைக்காக முதலில் சில வேன்களைப் பொறுக்கி எடுத்தார்கள். அருள்புரத்தில் வெள்ளியங்கிரியின் கம்பெனி வேனும் அதில் ஒன்றாக அமைந்தது. அதை ஓட்டியவன் சகாயராஜ். பிழைப்புக்காகத் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்தவன்.

சோப்புப் பெட்டி அளவில் கறுப்பாக ஒரு சாமான். ஸ்டியரிங்குக்குக் கீழே வைத்து முடுக்கிவிட்டுப் போனார்கள். கடுகளவு சிவப்பு விளக்கு ஒன்று அதில் விட்டுவிட்டு எரிந்தது. வெள்ளியங்கிரி காடுகரையை உழுதுகொண்டிருந்துவிட்டுக் கம்பெனி வைத்தவர். புது மிஷின் எது வந்தாலும் சாமி கும்பிடாமல் சுவிட்சைத் தொடவிடமாட்டார். அன்றைக்கு அமாவாசை வேறு. வேனுக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்த கையோடு, பெட்டிக்கும் சந்தனம் தொட்டு நடுவில் குங்குமம் வைத்தார்.

செக்கிங் பிரிவில் துணி பார்க்கும் ரங்காத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவிநாசிபாளையத்தில் முதல் ஆளாக வேன் ஏறுகிறவள் அவள்தான். வயதில் மூத்தவள், வாயிலும் மூத்தவள்.

“கண்ணத் தொறந்தாச்சு. இனி அது எல்லாத்தையும் பாக்கும்.”

“இடத்தை மட்டும்தாங்கக்கா பாக்கும். நீங்க பேசறதெல்லாம் அதுக்குக் கேக்காது,” என்றான் கதிர்வேல். வெள்ளியங்கிரியின் மகன், கம்ப்யூட்டர் படித்துவிட்டுக் கம்பெனிக்கு வந்தவன்.

“பாக்கறதுக்குக் கேக்காதுங்களா கண்ணு? அதெப்படி?”

மறுநாளிலிருந்து வேன் ஊமையாகிப்போனது. முன்பெல்லாம் அவிநாசிபாளையம் தாண்டுவதற்குள் மாமியார் கதை ஆரம்பித்துவிடும், பொங்கலூர் வருவதற்குள் சூப்பர்வைசரின் மீசை வந்துவிடும். இப்போது பெண்கள் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார்கள். சின்னப்பெண் ஒருத்தி சிரித்தால் பக்கத்தில் இருப்பவள் பெட்டியைக் காட்டி உதட்டில் விரல் வைத்தாள். சாவு வீட்டுக்குப் போகிற வண்டி மாதிரி இருந்தது.

அந்தப் பெட்டிக்குக் காது இருந்தால்கூடத் தேவலை என்று சகாயராஜுக்குத் தோன்றியது. அதற்குக் கண் இருந்ததுதான் அவனை உறுத்தியது.

காரணம் அபிராமி. டெய்லர் பிரிவில் பவர்டேபிள் மிஷினில் பனியனுக்குக் கை தைப்பவள், அருப்புக்கோட்டைக்காரி. புருஷன் லாரி ஓட்டியவன். செத்துப்போகும்போது தன் நோயையும் அவளிடம் விட்டுவிட்டுப் போய்விட்டான். எச்.ஐ.வி. என்று டாக்டர் சொன்னபோது அவள் இடுப்பில் பெண்குழந்தை இருந்தது. குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று ஆனதே கடவுள் புண்ணியம். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் அவளும் எல்லோரையும்போல வேலை பார்க்கலாம், பிள்ளையை வளர்க்கலாம். அப்படித்தான் இருந்தாள். ஆனால் அவள் தைத்த மிஷினில் நாளைக்கு இன்னொருத்தி உட்காரவேண்டும். அவள் குடித்த டம்ளரை இன்னொருத்தி தொடவேண்டும். விஷயம் தெரிந்தால் மிஷினும் போகும், குடியிருக்கிற லைன் வீடும் போகும்.

மாதம் ஒருமுறை மாத்திரை வாங்கவேண்டும். பல்லடம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் பச்சைக் கேட் போட்ட வீடு. உள்ளே ஒரு நர்சம்மா மட்டும் இருப்பாள். வெளியே போர்டு கிடையாது. போர்டு இல்லாததுதான் அந்த வீடு வருகிறவர்களுக்குச் செய்த முதல் மரியாதை. எல்லோரையும் கம்பெனியில் இறக்கிவிட்ட பிறகு, பட்டன் வைக்கிற இடத்துக்குத் துணிக்கட்டு கொண்டுபோகும் வழியில், சகாயராஜ் அபிராமியை அங்கே கொண்டுபோய் விடுவான். திரும்பிவரும்வரை வேனில் காத்திருப்பான். அவள் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஒருநாள் அந்தச் சந்து முனையில் வெயிலில் மயங்கி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து ஏற்றிக்கொண்டான், அவ்வளவுதான் ஆரம்பம்.

அவனுடைய அண்ணனும் அதே நோயில் போனவன். ஊருக்குத் தெரிந்த நாளிலிருந்து வீட்டு வாசலை ஒருவரும் மிதிக்கவில்லை. அண்ணன் சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்க ஆள் வராமல், அப்பாவும் அவனும் மட்டும் முன்னும் பின்னுமாகத் தூக்கிக்கொண்டு கல்லறைக்குப் போனார்கள். வழிநெடுக ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. சாத்திய ஜன்னல்களுக்குப் பின்னால் கண்கள் இருந்தது அவனுக்குத் தெரியும். அந்தக் கண்கள் இத்தனை வருஷம் கழித்து ஒரே சிவப்புப் புள்ளியாகச் சுருங்கி, தன் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டதாக அவனுக்குப் பட்டது. விளக்கின்மேல் துணியைப் போட்டு மூடிப் பார்த்தான். துணிக்கு அடியில் அது எரிவதும் அணைவதும் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

மாத்திரையை நிறுத்த முடியாதே, மாதாமாதம் போய்க்கொண்டுதான் இருந்தான். பயந்தது நடந்தது. பெட்டி வைத்துச் சில மாதம் ஆன பிறகு, ஒரு திங்கட்கிழமை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள்.

வெள்ளியங்கிரி நாற்காலியில் இருந்தார். கதிர்வேல் கம்ப்யூட்டர் முன்னால். பக்கத்தில் பெட்டி வைத்த அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி. கெட்டவராகத் தெரியவில்லை. வெயிலில் அலைந்து களைத்துப்போன மனிதர், மேஜையில் வைத்த மோரைக்கூட மறந்துவிட்டிருந்தார்.

“டிரைவர், இங்க வாப்பா. இதப் பாரு,” என்றார் அதிகாரி.

திரையில் ரோடுகள் கோடுகளாகத் தெரிந்தன. கதிர்வேல் எதையோ அழுத்தினான். ஒரு குட்டிச் சிவப்பு வேன் கம்பெனியிலிருந்து புறப்பட்டது.

“எந்த வண்டி சார் இது? எங்க வண்டி வெளியில நிக்குதே?”

“உன் வண்டிதான். போன மாசம் போனது.”

முடிந்துபோன ஒரு நாள் எழுந்து நடந்துகொண்டிருந்தது. சகாயராஜ் இங்கே நிற்க, போன மாதத்து அவன் அங்கே ஓட்டிக்கொண்டு போனான். வளைவில் திரும்பினான், சந்தில் நுழைந்தான், நின்றான். அந்தக் குட்டி வேனுக்குள் பின் இருக்கையிலிருந்து அபிராமி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு இறங்குவது அவனுக்குத் தெரிந்தது. மற்ற யாருக்கும் தெரியவில்லை. அதுவரைக்கும் பரவாயில்லை. கதிர்வேல் இன்னொரு மாதத்தை எழுப்பினான். மறுபடியும் புறப்பாடு, வளைவு, சந்து. செத்தவர்களைக்கூட ஒருமுறை புதைத்தால் விட்டுவிடுகிறார்கள். இந்த நாட்களுக்கு அந்த அமைதியும் இல்லை.

“மாசா மாசம் வேலை நேரத்துல ஒரே சந்து. அங்க துணிக்கட்டு எறக்கற எடம் எதுவும் இல்ல. என்ன வேலை உனக்கு?” என்றார் அதிகாரி.

“சொந்த சோலி சார்.”

“இந்தப் பெட்டி இருக்கிற வரைக்கும் சொந்தம்னு ஒண்ணு கெடையாது. டீசல் விக்கறியா?”

“இல்ல சார்.”

“சின்ன வீடா?”

சகாயராஜ் தரையைப் பார்த்தான். இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதனால் பேசாமல் நின்றான். அதிகாரி அந்தப் பேசாமையை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டாலும் முழுக்க நம்பவில்லை.

“வெள்ளிக்கிழமை வருவேன். அதுக்குள்ள யாரப் பாக்கப் போறேன்னு சொல்லிடு. இல்லேன்னா அந்தச் சந்துல வீடு வீடா ஆள விட்டுக் கேக்கச் சொல்லுவேன். உன் லைசென்ஸும் போகும்.”

வீடு வீடாக. சகாயராஜுக்குப் பச்சைக் கேட் மட்டும்தான் கண்முன் நின்றது. அபிராமி மட்டுமா அங்கே போகிறாள்? அவளைப்போல எத்தனை பேர் தலையைக் குனிந்தபடி அந்தக் கேட்டைத் திறக்கிறார்கள்.

கம்பெனியில் ஒரு சொல் விழுந்தால் கட்டிங் டேபிளிலிருந்து அயர்ன் டேபிள்வரை போக எவ்வளவு நேரமாகும்? அன்று மாலை வேனில் வெகுநாளைக்குப் பிறகு பேச்சு சத்தம் கேட்டது.

“டிரைவரண்ணா, பெரிய ஊட்டுக்குப் போறமா, சின்ன ஊட்டுக்குப் போறமா?”

“பொட்டி இருக்குதுடி, மெதுவாப் பேசு.”

“அது பாக்காததையா நான் சொல்லிப்போட்டேன்?”

சிரிப்பு. சகாயராஜ் கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைப் பார்த்து ஓட்டினான். கண்ணாடிக்குள் கடைசி இருக்கையில் அபிராமியின் முகம் தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை. ரங்காத்தாளும் சிரிக்கவில்லை, அபிராமியைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வெளியே திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் அவன் மனைவி விஜயராணிக்கும் செய்தி வந்து சேர்ந்திருந்தது. தட்டு வைத்தாள், சோறு போட்டாள், எதிரில் உட்கார்ந்தாள்.

“கேக்கட்டுமா?”

“கேக்காத ராணி. அது என் விஷயம் இல்ல. இன்னொருத்தரோடது.”

“சரி, கேக்கல. என் மூஞ்சியப் பாத்துட்டுச் சாப்பிடு, போதும்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். கொஞ்ச நேரம் அவள் கண்ணை எடுக்கவில்லை. பிறகு ஒரு கரண்டி குழம்பை அதிகமாக ஊற்றிவிட்டு எழுந்து போனாள்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அபிராமி வேனுக்கு வந்தாள். கையைப் பிசைந்துகொண்டு படியருகில் நின்றாள்.

“அண்ணே, நானே போய்ச் சொல்லிர்றேன். என்னால உங்க பேரு நாறுது. அண்ணி மொகத்துல எப்படி முழிப்பேன்?”

“சொல்லிட்டு?”

“பிள்ளையக் கூட்டிக்கிட்டு வேற ஊரு போறேன்.”

“அந்த ஊர்ல இந்தப் பெட்டி வராதா? இங்க பாரு அபிராமி, ஆண்டவரும்தான் எல்லாத்தையும் பாக்குதாரு. ஆனா பாத்தத ஒருத்தர்கிட்டயும் போய்ச் சொல்லுததில்ல. அதனாலதான நாம பயமில்லாம அவரு முன்னால மண்டி போடுதோம். இந்தப் பெட்டிக்குப் பார்வை மட்டும் குடுத்திருக்காங்க. அந்தக் குணத்தக் குடுக்கல. நீ போயி மிஷின்ல உக்காரு.”

தைரியமாகச் சொல்லிவிட்டான். உள்ளுக்குள் ஒரு வழியும் தெரியவில்லை. அவள் போன பிறகு திரும்பிப் பார்த்தால், வேனுக்கு மறுபக்கம் பைப்படியில் ரங்காத்தாள் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய டப்பாவையே மறுபடி கழுவினாள். எவ்வளவு கேட்டாளோ, எதையும் காட்டிக்கொள்ளாமல் உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை. வேன் நிறைந்து அருள்புரத்தை நெருங்கும்போது ரங்காத்தாள் இருக்கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“ஓரங்கட்டு தம்பி.”

“என்னக்கா, மயக்கமா?”

“ஓரங்கட்டுங்கறன்.”

நிறுத்தினான். ரங்காத்தாள் முந்தானையைச் சரிசெய்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பெட்டிக்கு முன்னால் குனிந்தாள். கோயிலில் கருவறைக்கு நேராக நின்று முறையிடுகிறவள் போலக் கைகூப்பி, உரக்க, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“சாமி, பொட்டிக்கு அக்கட்டால இருக்கிற ஆபீசரய்யா, நல்லாக் கேட்டுக்கோங்க. என்ற பேரு ரங்காத்தாள், அவிநாசிபாளையம். மாசாமாசம் அந்தச் சந்துக்குப் போறது நானுங்க. ஒடம்புக்கு ஆகலீங்க. பொம்பளைங்க சங்கதி, உங்ககிட்ட வெளக்கிச் சொல்ல முடியாது. இந்தத் தம்பி மேல ஒரு குத்தமும் இல்லீங்க.”

அந்தப் பெட்டிக்குக் காது இல்லை என்று சகாயராஜுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தவன் கண்ணாடியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். பின்னால் இருந்த பெண்களின் முகங்கள் மாறிக்கொண்டிருந்தன. ரங்காத்தாளுக்கு ஒரு நோயும் இல்லை என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். நாள் தவறாமல் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற கட்டை அது. அவள் யாருக்காகவோ பொய் சொல்கிறாள். அந்த யாரோ இந்த வேனுக்குள்ளேயே இருக்கிறாள்.

சின்ன ஊட்டுக்குப் போறமா என்று கேட்டவள்தான் முதலில் எழுந்தாள். வேலாத்தாள் என்று பெயர், நாக்குத் துடுக்கு. பெட்டியிடம் வந்து குனிந்தாள்.

“நானும் போறேனுங்க. என்ற பேரையும் சேத்துக்கோங்க.” ஒரு நிமிஷம் யோசித்தாள். “அன்னைக்கு அண்ணனப் பாத்து ஒண்ணு சொன்னனுங்க, அதக் காதுல வாங்கியிருந்தா விட்டுப்போடுங்க.”

அதன்பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். நானுங்க. நானுந்தான். நானு, என் தங்கச்சி ரெண்டு பேரும். பொய்யென்று பார்த்தால் பொய்தான். அதற்காக அவர்களைக் கடவுள் கோபித்துக்கொண்டிருக்கமாட்டார். கடைசியில் அபிராமி வந்தாள். பெட்டியின் குங்குமம் காய்ந்து உதிர்ந்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே, “நானும்தான்,” என்றாள். அவள் குரல் மட்டும் கொஞ்சம் நடுங்கியது. யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அன்று வேனுக்குள் சொல்லப்பட்ட ஒரே உண்மை அது. மற்ற பொய்களோடு சேர்ந்து அது பத்திரமாக ஒளிந்துகொண்டது.

அதிகாரி சொன்னபடி வந்தார். சகாயராஜோடு ரங்காத்தாளும் ஆபீஸுக்குள் நுழைந்தாள்.

“இந்தம்மா யாரு?”

“ஏனுங்க, காத்தாலயே எல்லாம் சொன்னனுங்களே, உங்களுக்குக் கேக்கலீங்களா?”

“எங்க சொன்னீங்க?”

“பொட்டிகிட்டத்தானுங்க. நான் மட்டுமா, வேன்ல இருந்த அத்தனை பேரும் சொன்னமுங்க.”

கதிர்வேலுக்குச் சிரிப்பு வந்தது. வாயைத் திறந்தவன் அப்பாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். வெள்ளியங்கிரி எழுந்து நின்றிருந்தார். அவருக்கு முழுக்கப் புரிந்ததா என்று சொல்லமுடியாது. வேன் நிறையப் பெண்கள் ஒரு பெட்டியிடம் நின்று கைகூப்பிச் சொல்லவேண்டிய அளவுக்கு ஏதோ ஒன்று தன் கூரைக்குக் கீழே இருக்கிறது என்பது மட்டும் புரிந்திருக்கவேண்டும்.

“சார், அந்தச் சந்துக்கு வேன அனுப்பினது நானுங்க. கம்பெனி சோலி.”

“என்ன சோலிங்க? அன்னைக்கு நீங்க ஒண்ணும் சொல்லலியே?”

“அன்னைக்குத் தோணலீங்க. என்ன சோலின்னு நானே கேட்டுக்கல. நீங்களும் கேக்காதீங்க. வீடு வீடா ஆள விட்டுக் கேக்கறதா இருந்தா, மொதல்ல என்ற ஊட்டுல இருந்து ஆரம்பிங்க.”

மேஜைமேல் அன்றும் மோர் இருந்தது. ரங்காத்தாள் அதை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“குடிங்க சாமி. வெயில்ல வந்திருக்கீங்க.”

அவர் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, “வேகத்தப் பாக்கத்தான் வெச்சோம்,” என்றார் யாருக்கோ சொல்வதுபோல. பிறகு சகாயராஜைப் பார்த்தார். “வேலை நேரத்துல ஒத்தையா வேன எடுத்துக்கிட்டு அங்க போகக் கூடாது. ஆளுங்களோட போறப்ப வழியில நிக்கறது உங்க பாடு. இத்தோட விடறேன்.”

“சார், இதுவரைக்கும் போனதெல்லாம் அதுல பதிஞ்சு இருக்குல்லா, அத அழிச்சிர முடியுமா?” என்றான் சகாயராஜ்.

“அது என் கையில இல்லப்பா. அது இருக்கும்.”

இருக்கும். அந்த ஒரு சொல் அன்று முழுக்க அவன் கூடவே வந்தது. நாளை இந்த அதிகாரி மாறுவார், இன்னொருவர் வருவார். மோர் குடிக்காதவராக வரலாம். யாரோ ஒருவர் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தக் குட்டி வேன் மறுபடி எழுந்து, வளைவில் திரும்பி, சந்துக்குள் போகும். நினைக்கும்போதெல்லாம் ஜெபமாலையை உருட்டினான். பயம் முழுசாகப் போகவில்லை. பிறகு எப்போதும் முழுசாகப் போகவே இல்லை.

அடுத்த மாதம் மாத்திரை நாள் வந்தது. தனியாகப் போக வழியில்லை. முதல்நாள் சகாயராஜ் வேனை எடுக்காமல் நடந்தே அந்த நர்சம்மாவிடம் போய், காலை ஷிப்டுக்கு முன்னால் திறந்துவைக்க முடியுமா என்று கேட்டிருந்தான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அங்கே யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

எந்த நாள் என்று மட்டும் ரங்காத்தாளிடம் சொல்லிவைத்திருந்தான். சந்து முனை வந்ததும் அவள் குரல் கொடுத்தாள்.

“நிறுத்து தம்பி. காலு மரத்துப்போச்சு. எல்லாரும் எறங்கி நில்லுங்கடி.”

இறங்கினார்கள். “நான் பூ வாங்கோணும்.” “எனக்குத் தண்ணி தவிக்குது.” சிலர் சந்துக்குள் பைப்பைத் தேடிப் போனார்கள், சிலர் ரோட்டோரம் நின்றார்கள்.

“அவங்கவங்க சோலியப் பாருங்க. திரும்பிப் பாக்கறவளுக்கு நாளைக்கு என்ற சோத்துல பங்கு கெடையாது,” என்றாள் ரங்காத்தாள்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நின்றவர்கள் அத்தனை பேரும் சந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டில் போகிற நூல் லாரிகளைப் பார்த்தபடி நின்றார்கள். வேலாத்தாள் லாரியில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பின்னால் எங்கோ ஒரு கேட் திறக்கிற சத்தம் கேட்டது. அவள் இன்னும் சத்தமாகப் படித்தாள்.

சகாயராஜ் ஸ்டியரிங்கை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியில் சந்து தெரிந்தது. கையை நீட்டி அதை மேலே திருப்பிவிட்டான். இப்போது அதில் வேனின் கூரை மட்டும் தெரிந்தது. முழங்காலுக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. எங்கேயோ ஒரு திரையில் ஒரு வேன் நிற்பது தெரிந்துகொண்டிருக்கும். நிற்பது மட்டும்தான் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் எல்லோரும் ஏறினார்கள். யார் முதலில் ஏறியது, யார் கடைசி என்று அவன் பார்க்கவில்லை. கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் வண்டியை எடுத்தான்.

“அப்பறம் அந்த சூப்பர்வைசரு மீசைய எடுத்துப்போட்டானாமா?” என்று ஒருத்தி பின்னாலிருந்து ஆரம்பித்தாள்.